ஆய்வு இடைவெளி

மொத்தம் நாற்பத்தோரு கட்டுரைகள்.
ஹாஜிராவுக்கு இருபது, எனக்கு இருபது.
மிச்சம் ஒன்று பிரெஞ்சில் இருந்தது;
படித்ததாகவே எழுதிவிட்டோம்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு எழுபத்தைந்து பைசா.
செம்மண்டலம் வரை டவுன் பஸ்ஸில்
வடகிழக்குப் பருவமழை
சூடு ஆறாமல் என் மடியில் கிடந்தது.

எல்லாவற்றிலும் கடலூர் ஒரு புள்ளி.
சிலவற்றில் அம்புக்குறியின் முனை.
இருபத்தேழாவது கட்டுரை, அட்டவணை நான்கு:
புயல் கரையைக் கடந்த அதிகாலை,
காற்றின் வேகம் -999.
பேய்க்காற்று என்று நினைத்துவிட்டேன்.
"பதிவு இல்லைன்னு அர்த்தம்டி" என்றாள் ஹாஜிரா.
கருவி விழுந்திருக்கும்.
இல்லை, கரண்ட் போயிருக்கும்.

எனக்கு அப்போது ஆறு வயது.
பக்கத்து வீட்டுத் தகரம் தெருவோடு போனது,
பின்னாலேயே எங்கள் கோழிக்கூடு,
கோழிகளோடு.
அம்மா கதவுக்கு முதுகைக் கொடுத்து
விடியும்வரை நின்றாள்.
கழித்தல் குறிக்கு அந்தப் பக்கம்
இதெல்லாம் இருக்கிறது.

எழுதலாமா என்று கேட்டேன்.
எமல்டா மேடம் சிவப்புப் பேனாவை மூடாமலே,
"மேற்கோள் எங்கே?" என்றார்.
சரிதான்.
அம்மா எந்த இதழிலும் வெளியாகவில்லை.

ஆகவே ஐந்தாம் பிரிவில் ஒரே வரி:
"இக்கரையோரத்தில் அன்றைய காற்று குறித்துப்
போதிய தரவுகள் இல்லை."
அதற்கு மட்டும் அடிக்குறிப்பு கேட்கவில்லை யாரும்.

சமர்ப்பிக்க வேண்டிய நாளில்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கல்லூரிக்கு விடுமுறை.
ஸ்பைரல் போட்ட மூன்று பிரதிகளையும்
பாலித்தீனில் சுற்றி பீரோமேல் வைத்தேன்.
அம்மா தாழ்ப்பாளுக்கு
எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.