முப்பத்தோராம் பக்கம்

லவுத் நகரிலிருந்து கடற்கரை ஊர்கள் வரைக்கும்
பதினாறு வருஷம் நூலக வண்டி ஓட்டினேன்.
பெரிய எழுத்துப் புத்தகம் எதையும் எடுத்து
முப்பத்தோராம் பக்கத்தைப் பாருங்கள்.
பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலில்
ஒரு வட்டம், ஒரு முக்கோணம்,
கழுத்து நீண்ட ஒரு வாத்து.
படித்தாயிற்று என்று
வாசகிகள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும் ஒப்பம்.
விதிப்படி நான் அழிக்க வேண்டும்.
அழித்ததில்லை.

நெரிசல் அதிகம்
செலஸ்டீன் மார்ச் எழுதியவற்றில்தான்.
எண்பத்தொரு நாவல்கள்.
அட்டையில் காற்றில் பறக்கும் கூந்தல்,
பின்னால் மாளிகை,
அதில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு.

செலஸ்டீன் மார்ச் என்று யாரும் கிடையாது.
இருந்தவர் எட்னா பிளென்கின்சாப்.
கிரிம்ஸ்பி மீன்துறையில் கணக்கு எழுதியவர்.
வாரத்துக்கு நாலு பவுன்,
ஞாயிற்றுக்கிழமையும் போகாத காட் மீன் வாடை.
முதல் நாவலைப் பழைய பேரேட்டின்
பின்பக்கங்களில் எழுதினார்.
பிரபுவின் மகன் மண்டியிடும் இடத்தில்
மறுபுறத்து மை ஊறி
ஹாடக், முப்பது பெட்டி என்று தெரியும்.

லண்டன் பதிப்பாளர் பெயரை மாற்றினார்.
இருபத்தைந்து பவுனுக்கு
முழு உரிமையும் வாங்கிக்கொண்டார்.
கூடவே ஒரு தாளில் விதிகள்:
கடைசிப் பக்கத்தில் யாரும் ஏழையாக இருக்கலாகாது.
நூற்றெண்பதாம் பக்கத்துக்கு முன் முத்தம் வேண்டாம்.
நாய் சாகக் கூடாது.
ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில்
அதையும் ஆணியடித்து மாட்டினார் எட்னா.

பிறகு வருஷத்துக்கு மூன்று.
வேலைக்குப் போகும் முன், கோட்டை மாட்டிக்கொண்டே,
கரி மிச்சம் பிடிக்க அடுப்பை மூட்டாமல்.
பெரிய பத்திரிகை ஒன்று ஒரே ஒரு முறை
அவரைப் பற்றி எழுதியது, இரண்டு சொல்:
‘வெதுவெதுப்பான பால்.’
வண்டியின் படியில் நின்று என்னிடம் சிரித்தார்:
“ராத்திரி மூணு மணிக்கு விழித்திருப்பவளிடம்
கேட்கட்டும், பாலைப் பற்றி.”

மழையில் நிறுத்தங்களில் காத்திருக்கும்போது
எண்பத்தொன்றையும் நான் படித்திருக்கிறேன்.
வெளியே சொன்னதில்லை.
டாக்டர்கள் வருவார்கள், குதிரைக்காரர்கள், ஒரு பேராயர்கூட.
ஆறு உண்டு, ஏரி உண்டு,
தாமரைக் குளத்தில் தவறி விழுவது ஏழெட்டு தடவை.
கடல் மட்டும் எங்கும் இல்லை.
அலைச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும் வீட்டில்
உட்கார்ந்து எழுதியவர்.

ஏன் என்று கேட்டேன்.
“ஈரம் புத்தகத்துக்கு ஆகாது” என்றார்.

வில்ஃப் என்று ஒருவர் இருந்ததை
தபால்காரர் சொல்லித்தான் தெரியும்.
இழுவைப் படகில் என்ஜின் பார்த்தவர்.
ஐஸ்லாந்துக்கு வடக்கே ஒரு ஜனவரி,
கயிறெல்லாம் பனி கட்டி,
அப்படியே சாய்ந்துவிட்டதாம் படகு.
முதல் நாவல் அந்த மார்ச்சில்.
பெயரைப் பதிப்பாளர்தான் வைத்தார் என்று
எட்னா சொன்னதை
அதன் பிறகு நான் அவ்வளவாக நம்பவில்லை.

எழுதுவது நின்று பத்து வருஷம் கழித்து
அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துபோயிற்று.
என் பெயர், செவ்வாய்க்கிழமை, அடுப்பு.
ஆனால் வண்டிக்கு வருவார்.
நேராக ‘ம’ வரிசைக்குப் போய்
செலஸ்டீன் மார்ச்சில் ஆறு எடுப்பார்.
திரும்பி வரும் புத்தகங்களில்
முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு புது ஒப்பம்:
வால் முடிக்காத ஒரு சின்ன மீன்.

“பிடித்திருந்ததா?” என்றேன் ஒரு நாள்.
“நல்லாத்தான் எழுதுறா” என்றார்.
சீட்டை என்னிடம் நீட்டியபடி
குரலைத் தாழ்த்தி,
அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல:
“ஆனா இவ கடலோரத்துக்காரி.
காதைப் பொத்திக்கிட்டு எழுதுறா, பாவம்.”

உள்ளூர்த் தாளில் நாலு வரி இரங்கல்,
அடியில் தரைவிரிப்புத் தள்ளுபடி.
நூலகம் கழித்த புத்தகங்களை
பத்து பென்ஸ் வீதம் பெட்டியில் போட்டு விற்றது.
ஒன்றை மட்டும் நான் வாங்கினேன்.
அதில் நாலு மீன்கள் இருந்தன.
படித்ததென்று தெரிந்தும்
மூன்று முறை எடுத்துப் போயிருக்கிறார்.

பெரிய கதையொன்றுமில்லை.
புது வீட்டில் நாயகி ஒரு மாலை முழுவதும்
வடக்கு ஜன்னலை மூடப் பார்க்கிறாள்.
சட்டம் உப்பியிருக்கிறது, மூடவில்லை.
விருந்துக்கு நேரமாகிறது.
ஏன் மூட வேண்டும் என்று
எங்கும் எழுதவில்லை.