இடதுகரை விதிகள்

முதலில் கையுறையை மணந்து பார், நிறோஜினி.
ஸ்காபரோவில் ஏதோ நிலவறைக்குள்ள
ஆறு வருசம் கிடந்த மணம்.
முகமூடி வாரில ஆஷ்லி எண்டு எழுதியிருக்கு.
ஆரெண்டு தெரியாது.
அவளின்ர வேர்வையும் என்ர வேர்வையும்
இப்ப ஒரே பஞ்சுக்குள்ள.

ஒட்டுசுட்டானில எல்லே விளையாடினனான் எண்டாய்.
நல்லது. ஓட்டத்தை வைச்சிரு, எறியை மறந்திடு.
அங்க ஓடுறவளை எறிஞ்சு விழுத்துவம்.
இங்க அது கூடாது.
பந்தைக் கையில பொத்திக்கொண்டு
கிட்டப் போய்த் தொடவேணும்.
தொடேக்க
அவளின்ர மூச்சு உன்ர முகத்தில படும்.

தளம் நாலு.
மூண்டு, யூரியாப் பையில கிறவல் நிரப்பினது.
மற்றது வீட்டுத்தளம், ஐஞ்சு மூலை,
கஜந்தினியின்ர அப்பா
உழவு மெசினின்ர மட்காட் றப்பரை வெட்டித் தந்தது.
வெயிலுக்குக் கொதிக்கும்.
சறுக்கி வரேக்க முழங்கையை வைக்காதே.

பந்து இடுப்புக்குக் கீழால விடுபடும்.
அதுக்காக மெல்ல வருமெண்டு நினைக்காதே.
டிலானி கையை ஒரு முழுச்சுற்றுச் சுற்றி விட்டால்
காதடியால ஒரு குளவி போகும்.
முழங்காலுக்கு மேல, நெஞ்சுக்குக் கீழ, தளத்துக்கு நேர:
அடிச்சாலும் விட்டாலும் அது உன்ர கணக்கு.
மூண்டு சேர்ந்தால் வெளிய.
விலத்திப் போனது நாலெண்டால்
மட்டையை வைச்சிட்டு முதல் தளத்துக்கு நட.
ஓடத் தேவையில்லை.
அந்த நடை எனக்கு வலு விருப்பம்.

கோட்டுக்கு வெளிய போனது பிழைப்பந்து.
இரண்டு வரைக்கும் கணக்கில சேரும்.
பிறகு எத்தினை போனாலும் நீ நிக்கலாம்.

முள்ளுக்கம்பிக்கு அங்கால விழுந்தால் இரண்டு தளம்.
அது தாளில இல்லை,
முத்தையன்கட்டில மட்டும் உள்ள விதி.
ஒருத்தரும் எடுக்கப் போறேல்லை.
சிலவேளை பொழுதுபட
முகாமுக்குள்ளயிருந்து பந்து தானா வந்து விழும்.
நாங்கள் நன்றி சொல்லுறேல்லை.
எறியிறவனும் நிண்டு பார்க்கிறேல்லை.
ஒரு பந்து மட்டும் மூண்டு கிழமை கழிச்சு வந்தது.
பிரிஞ்சிருந்த தையலை
ஆரோ பச்சை நூலால தைச்சு விட்டிருந்தது.
அதால விளையாடுறதோ இல்லையோ எண்டு
இன்னும் முடிவில்லை.
பையின்ர அடியில கிடக்கு.

வயித்துக்குத்து நாளெண்டால்
வலப்பக்கத் தூரத்தில, பாலைமரத்தடியில நில்.
அங்க பந்து வாறது குறைவு.
ஏனெண்டு ஒருத்தியும் கேளாள்.

பத்து ஓட்டம் முந்தினால் ஆட்டத்தை நிப்பாட்டவேணுமாம்,
தோக்கிறவை பாவமெண்டு.
தாளில அப்பிடித்தான் கிடக்கு.
முழங்காவிலோட நாங்கள் பதினேழுக்கு இரண்டு.
நடுவர் விசிலை வாயில வைச்சிட்டார்.
அபிசனா போய்ச் சொன்னாள்:
சேர், எங்கட பஸ் ஐஞ்சரைக்குத்தான்.
பிறகும் விளையாடினம்.
பதினேழுக்கு மூண்டு.

இனித்தான் முக்கியமானது.
மூண்டும் தவறி நீ வெளிய எண்டாலும்
பிடிக்கிறவளின்ர கையால பந்து நழுவி
முதல் தளமும் வெறுமையா இருந்தால்
நீ ஓடலாம்.
ஒருத்தரும் சொல்லமாட்டினம்.
நீயாத்தான் ஓடவேணும்.

போன ஆனியில நான் நழுவவிட்டன்.
பந்து என்ர காலடியில.
மல்லாவிப் பெட்டை, ஒல்லி, பேர் தெரியாது,
மட்டையை நிலத்தில ஊண்டி
தலையைக் குனிஞ்சு நிண்டாள்.
அவளுக்கு அந்த விதி தெரியாது.
எனக்குத் தெரியும்.
சத்தமில்லாமல் குனிஞ்சு எடுத்து
தோளில தொட்டன்,
கூப்பிடுறமாதிரி.
அவள் திரும்பிச் சிரிச்சாள்,
ஏதோ ஆறுதல் சொல்ல வந்தனெண்டு.

மட்டையை எடு, நிறோஜினி.
நான் நழுவவிடப் போறன்.
எத்தினையாவது பந்தெண்டு
சொல்லமாட்டன்.