மிச்சச் சல்லி

குருமண்வெளித் துறையில்
ஓடத்தைப் பாதை என்றுதான் சொல்வோம்.
இரண்டு தோணி, மேலே பலகை, ஒரு கிழட்டு எஞ்சின்.
மற்ற ஊர்களில் பாதை கிடந்த இடத்தில் கிடக்கும்;
இங்கே அது போய்விட்டுத் திரும்பி வரும்.

மாசியிலிருந்து அதில் காசு வாங்குகிறவன்
பேரின்பராசா.
பதினொரு வருடம் மறியல்.
வெல்லாவெளியில் ஒரு மதகுப் பலகை,
ஓர் இரவுத் தண்ணீர்,
கையில் இருந்தது மண்வெட்டி.
அவ்வளவுதான் வழக்கு.

உள்ளே என்ன படித்தாய் என்று கேட்டேன்.
"எண்ண" என்றான்.
விடியவும் ஆளெண்ணுவார்களாம், பொழுதுபடவும்.
குறைந்தால் அடி.
கூடினாலும் அடி.

வெள்ளிக்கிழமைகளில் மண்டூர்க் கோயிலுக்கு
சிவமலர் வருவாள்.
மண்வெட்டி விழுந்தது அவள் புருசன் தலையில்.
பாதையில் எல்லாருக்கும் தெரியும்,
அதனால் எல்லாரும் தண்ணீரைப் பார்ப்போம்.
அத்தனை நேரம் பார்க்க வாவியில் எதுவுமில்லை.

அவள் இருபது ரூபாவைப் பலகையில் வைப்பாள்.
கையில் அல்ல.
ஒருநாள் அவன் வேண்டாமென்று தலையசைத்தான்.
"நான் ஓசியில போறதில்ல."
அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டான்.

ஐப்பசியில், பெருமழைக்கு முன்,
அவளிடம் நூறு ரூபாத் தாள் மட்டும்.
அவனிடம் மாற்றிய காசில்லை.
என்னிடமும் இல்லை என்றேன்.
இருந்தது. ஏன் பொய் சொன்னேனென்று தெரியாது.
அவள் அக்கரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"வாற வெள்ளி தா."

வாற வெள்ளி அவள் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
வாவி ஏறித் துறைப் படியை மூடியது.
அவனுக்குக் காய்ச்சல். உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு
நடுங்கி நின்றான்.
குத்தகைக்காரர் வீட்டுக்குப் போகச் சொன்னார்.
"ஒராளுக்குச் சல்லி குடுக்க இருக்கு."
சேர்ட்டுப் பையில், ஊசி குத்தி,
எண்பது ரூபா.

அடுத்த கிழமையும் நீ இருப்பாய் என்று
மறியல் பூட்டுத்தான் அவனிடம் சொல்லியிருக்கிறது.
பூட்டில்லாமல் சொன்னவள்
அவள் ஒருத்தி.

நாலாம் வெள்ளி வந்தாள். குடையை மடக்கவில்லை.
ஊசியைக் கழற்ற அவன் விரல் மறுத்தது.
ஈரத் தாள்களை நீட்டினான்.
பலகையில் வை என்று சொல்வாளென நினைத்தேன்.
கையில் வாங்கினாள்.
எண்ணினாள், இரண்டு தரம்.
"எண்பது சரி" என்றாள்.

எண்பது மட்டும்.

பாதை கரை தட்டியது.
சங்கிலி கட்டக் குனிந்தவன்
நிமிர நேரமெடுத்தது.
பின்னால் யாரோ விடாமல் ஹோன் அடித்தார்,
என் மோட்டார் சைக்கிள்
வழியை மறித்து நிற்கிறதென்று.