கடைசியில் காயும் கோடு

பர்கூர் பாலிஷ் பட்டறையில்
விரிசல் பார்ப்பது என் வேலை.
பலகைக் கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீர்,
பிறகு சும்மா நிற்க வேண்டும்.
கல் முழுக்கக் காய்ந்த பின்னும்
ஓர் இழை மட்டும் ஈரமாய்க் கிடக்கும்.
சிவப்புச் சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம்.
அந்தக் கல் கப்பல் ஏறாது.

நாளைக்கு நாற்பது கல் பார்க்கிறேன்.
வீட்டு வாசலுக்கு ஒன்று வாங்க முடியவில்லை.
"கல்லு எதுக்குக்கா,
கல்லு மாதிரியே போட்டுத் தர்றேன்" என்றான்
ஓசூரிலிருந்து வந்த திம்மராஜு,
போனில் படங்களைத் தள்ளித் தள்ளி.

இரண்டு வீடு, ஒரே வாசல்.
இருபதடி அகலத்தில் பத்து அவர்களுக்கு, பத்து எங்களுக்கு.
மூத்தார் முனிரத்தினம் சதுர அடி எழுபதில் நின்றுவிட்டார்:
சாதா காங்கிரீட், மேலே துடைப்பம் இழுத்த வரி.
"வண்டி நிக்கத்தானே, மொகம் பாக்கவா?"
என் வீட்டுக்காரர் நூற்று நாற்பதுக்குத் தலையாட்டினார்.
மிச்ச எழுபது யார் பார்க்க என்று
நான் கேட்கவில்லை.
எனக்கும் ஆசைதான்.

ஒரே லாரி இரண்டு பக்கமும் கக்கியது.
அதே ஜல்லி, அதே மணல்,
நடுவில் ஒரு சவுக்குப் பலகை.
அவர்கள் பக்கம் பதினொரு மணிக்கே முடிந்து
ஈரச் சாக்கு போர்த்திப் படுத்துவிட்டது.
எங்கள் பக்கம் நிறப்பொடி தூவி
ரப்பர் பாய் விரித்து
இரண்டு பேர் ஏறி மிதித்தார்கள்.
விரல் வைத்தால் குழிய வேண்டும், ஒட்டக் கூடாது,
அந்த அரை மணிதான் நேரம்.
சித்திரை வெயில் கேட்டருகே முந்திக்கொண்டது.
அந்த மூலையில் மட்டும்
கல் பாதிதான் பிறந்தது.
காற்றில் போன பொடி
கெங்கம்மாக்காவின் கொடித்துணியில் இறங்கி
அவள் வெள்ளை உள்பாவாடை
மூன்று சலவைக்குக் கல் நிறம்.

வந்தவர்கள் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார்கள்.
"கல்லா இது?"
ஆமாம் என்று நான் சொன்னதில்லை,
இல்லை என்றும்.
ஐப்பசி மழையில் அதன் பளபளப்பு வழுக்கி
என் வீட்டுக்காரர் எக்ஸெல்லோடு சாய்ந்தார்.
பிறகு சாக்கு போட்டுத்தான் நடக்கிறோம்,
நூற்று நாற்பது ரூபாய்க்கு மேல்.
பொங்கலுக்கு அவள் பக்கம் இருபத்தொரு புள்ளி விரிந்தது.
என் புள்ளிகள்
பொய்ச் சந்துகளில் விழுந்து காணாமல் போயின.

மாசியில் போர் லாரி வந்தது.
தொள்ளாயிரம் அடிக்குப் புழுதி கக்கி
ஒரு பகல் முழுக்க வாசலில் உறுமி நின்றது.
மறுவாரம் அவள் பக்கம் வெடித்தது,
கேட்டிலிருந்து கோணலாக.
சிமெண்ட் பால் ஊற்றினாள்.
தழும்பாகத் தெரிந்தது, தெரியட்டும் என்றிருந்தாள்.
"ஒங்க பக்கம் வரலையா ரூபா?"
"இல்லையேக்கா."

பலகை நின்ற இடம் விரிசலுக்குத் தெரியவில்லை.
நேராகத் தாண்டி வந்து
என் வாசலின் ஒரு பொய்ச் சந்துக்குள் இறங்கி
சந்து போலவே படுத்திருந்தது.
என்னைத் தவிர யாரும் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வாசல் கழுவிவிட்டு நிமிர்ந்தேன்.
தன் பக்கத்து எல்லையில்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.
"நீதானே சொன்ன,
தண்ணிய ஊத்திட்டுச் சும்மா இருக்கணும்னு."

இருந்தோம்.
கல்லின் முதுகுகள் முதலில் வெளுத்தன.
சந்துகள் ஒவ்வொன்றாக.
ஒன்று மட்டும் கறுப்பாய் நின்றது,
நாலடி போனதும் சந்தை விட்டுக் கரையேறி
ஒரு கல்லின் நெற்றியில் குறுக்கே நடந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள்.
சொம்பில் மீதிச் சிமெண்டைக் கரைத்துக்கொண்டு வந்தாள்.
"நெறம் ஒத்து வராது. பரவால்லையா?"

என் பையில் சிவப்புச் சாக்பீஸ் இருந்தது.
எடுக்கவில்லை.
எங்கிருந்து எதுவரை என்று
விரலால் காட்டினேன்.