மூணு பிளஸ்

புதுவயல் சுகாதார நிலையத்தில்
சளிக் கண்ணாடி பார்ப்பது என் வேலை.
நீலத்தில் சிவப்புக் குச்சிகள். எண்ணுவேன்.
வட்டத்துக்குப் பத்தைத் தாண்டினால்
எண்ணுவதை விட்டுவிட்டு
மூணு பிளஸ் என்று எழுதுவேன்.
சோலையப்பனுக்கு அப்படித்தான் எழுதினேன்.

ரைஸ் மில் கணக்கர்.
எட்டு மாதமாக அது உமித்தூசி இருமல் என்று
மில்லே நம்பியது, அவரும் நம்பினார்.
தூசி வரக்கூடாதென்று ஆபீஸ் ஜன்னலை
ஆணியடித்து மூடியிருந்தார்கள்.
ராத்திரி லோடு ஏறி முடியும்வரை
உள்ளே நாலு பேர், ரம்மி.

விரலையும் குத்தினோம்.
முந்நூற்று எண்பத்தாறு.
"சர்க்கரையா? எனக்கா?"
யாரோ வைத்த பாக்கியைத் தன் பேரில் கண்டதுபோல
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
வழக்கமாக மேலே இருக்கும் குழி
இவருக்குக் கீழே.
ரத்தம் பாகானால் வெள்ளையணு கால் ஒட்டி நிற்கும் என்றார்.
எனக்கு உவமை வராது.
கண்ணாடியில் குச்சிகள் அதிகம்,
ஆகவே இருமலிலும் அதிகம்,
மூடிய அறையில் நாலு நாற்காலிக்கும்
அது சமமாகத்தான் போயிருக்கும்.

சமமாகத்தான் போனது.
தரகர் ஹமீதுக்கு ஒன்றுமில்லை.
லோடு மேஸ்திரி அந்தோணி, நாளுக்கு ஒரு கட்டு பீடி,
அவருக்கும் இதுவரை ஒன்றுமில்லை.
எடைமேடை சேவுகன் சளியில் சிவப்பு.
அவர் விரலைக் குத்தும்முன்பே
எண்ணை நான் ஏறக்குறைய எழுதிவிட்டேன்.

மாத்திரை தொடங்கியது.
இரண்டாம் மாதம் சோலையப்பனுக்கு
மூணு பிளஸ் ரெண்டானது, மூன்றாம் மாதமும் ரெண்டு.
முழுங்குகிறாரா என்று பார்க்க வீட்டுக்கே போய்
காலி அட்டைகளை எண்ணினேன்.
ஒன்றுகூடக் குறையவில்லை.

அவர் மனைவி உமையாள்
எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்.
கவுனி அரிசி, நெய், தேங்காய்ப்பூ,
மேலே பளபளவென்று சீனி.
"பதினோரு கிலோ இறங்கிட்டாக.
நல்லாச் சாப்பிடணும்னு நீங்கதானே சொன்னீக.
ரெண்டு வேளையும் குடுக்கிறேன்."

சொன்னோம்தான்.
எங்கள் சுவரொட்டியும் அதைத்தான் சொல்கிறது.
நெஞ்சுக்கு ஒரு அறை, சர்க்கரைக்கு ஒரு அறை,
செவ்வாய் ஒரு வரிசை, வெள்ளி ஒரு வரிசை,
ஓர் அறையில் சாப்பிடு, மறு அறையில் சாப்பிடாதே.
வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதைத்
தினமும் பார்க்கிறவர்
எந்த அறையைக் கேட்பார்?

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னேன்.
முதலில் சொல்லியிருக்க வேண்டும்.
உமையாள் பானையை மூடினார்.
மூடியின்மேல் கை வைத்தபடி
நெடுநேரம் நின்றார்.
முட்டை தரலாமா என்று கேட்டார்.

இன்சுலின் ஏறி ஆறு வாரம்.
ஐந்தாம் மாதக் கண்ணாடியில்
நூறு வட்டம் பார்த்தேன், நீலம்.
நம்பாமல் இன்னொரு நூறு.
நீலம்.
பக்கத்துக் கண்ணாடி சேவுகனுடையது.
அதில் இன்னும் எண்ண இருக்கிறது.

மில்லில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்கள்.
ஆட்டத்துக்கு இரண்டு கை குறைகிறது.
திறந்த ஜன்னல் வழியே உமி வந்து
சீட்டுகளில் படிகிறது.
ஹமீது வாயைக் குவிக்கிறார், ஊத.
வாசலில் என்னைப் பார்த்ததும்
கைக்குட்டையை எடுக்கிறார்.