தொண்ணூற்றொன்பது

பதினேழாம் கேள்விக்குப் படம் உண்டு:
பத்துப் படி ஏணி.
உலகத்தார் அத்தனை பேரும் இதில் நிற்கிறார்கள்,
உச்சியில் பெருஞ்செல்வர், அடியில் பரம ஏழை.
நீங்கள் எந்தப் படி?

மசேருவில், தெட்சானே ஆலைகளுக்குப் பின்னே
தகரக்கூரை வரிசையில்
கோட்சோ இதைச் செசோத்தோவில் கேட்டான்.
ஜீன்ஸ் தைக்கும் லினேயோ
ஷிஃப்ட் முடிந்து வந்து
வாளித் தண்ணீரில் கால் வைத்திருந்தாள்.
நகக்கண்ணில் நீலம்.
படத்தை வாங்கிப் பார்த்தாள்,
தாளைப் புரட்டினாள்,
பின்பக்கம் வெறுமை.
"ஏணி சரி.
எந்தச் சுவரில் சாத்தியிருக்கிறது?"

அதற்குக் கட்டமில்லை.
கோட்சோ 99 என்று எழுதினான்.
99 என்றால் 'தெரியாது'.

கோத்தன்பர்கில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டு.
ஐந்தாம் மாடியில் நான்
ஒரே ஒரு கட்டளையில்
தெரியாதவர்களை நீக்கினேன்,
எல்லாரும் செய்வதுதான்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.
மிஞ்சியவர்கள் நடுப்படியைச் சுற்றிக் குவிந்தார்கள்,
அங்கேயும் இங்கேயும்.
(பாய்மரப் படகு வைத்திருக்கும் என் அம்மாகூடத்
தன்னை ஐந்தில்தான் நிறுத்திக்கொண்டாள்.)
வரைபடம் அழகாக வந்தது.

உதவி நிதியை வெட்டலாமா என்ற விசாரணையில்
எனக்கு ஏழு நிமிடம்.
ஆறாவதில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
"ஆக, குறை என்று அவர்களே சொல்லவில்லை?"
அப்படி இல்லை, என்று தொடங்கினேன்.
மணி அடித்தது.
மறுநாள் செய்தித்தாளில் படம் என்னுடையது,
தலைப்பு அவருடையது.

அன்றிரவுதான் மூலத் தாள்களின் நகல்களைத் திறந்தேன்.
ஓரமெல்லாம் கோட்சோவின் பென்சில்,
எறும்பு ஊர்ந்த மாதிரி.
லினேயோவின் சுவர் அங்கே இருந்தது.
அடுத்த வீட்டுக்காரர்:
"எங்கள் துணிக்கு விலை வைக்கிறாரே, அவர் எந்தப் படி?
அதைச் சொல், என்னைச் சொல்கிறேன்."
இன்னொருத்தி:
"சம்பளத்தன்று வா, வேறு பதில் தருகிறேன்."
ஒரு கிழவர் ஏணியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் சிரித்தாராம். அதுவும் 99.
நிஜமாகவே தெரியாதென்றவர்கள்
எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர்.

இரண்டாம் முறை வரைபடம் இல்லாமல் போனேன்.
ஓரத்தில் இருந்ததை வாசித்தேன்,
ஏழு நிமிடத்துக்குப் பத்தொன்பது கேள்வி.
முந்தைய படம் என் பிழை என்றும் சொன்னேன்,
குரல் கொஞ்சம் பிசிறியது.
ஒருவர் மாதிரியின் அளவு கேட்டார்.
ஒருவர் கைபேசியில் இருந்தார்.
சுவர் என்றபோது மட்டும்
கடைசி நாற்காலிப் பெண் எதையோ குறித்துக்கொண்டாள்.
என்ன குறித்தாள்?
99.

வாக்கெடுப்பு தள்ளிப்போனது.
அதை என் கணக்கில் எழுத மாட்டேன்.

இந்த வாரம் கோட்சோ எழுதியிருக்கிறான்:
ஆலையை மூடிவிட்டார்கள்.
லினேயோ எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டாள்.
போகுமுன் வந்து கேட்டாளாம்,
பதில் வந்ததா என்று.