கட்டம் நாற்பத்தொன்று

ஆர்கெஸ்ட்ரா இருக்கிற ஊர் நாலு,
பியானோ இருக்கிற வீடு நாலாயிரம்,
என்றார் பதிப்பாளர் ஏக்வால்.
கணக்கு அவருடையது. வேலை என்னுடையது.

கோத்தன்பர்க்கில் ஒரே ஒருமுறை,
ஈரக் கம்பளிக் கோட்டுகள் நாறிய அரங்கில்
ஐம்பத்தெட்டுப் பேர் ஊதியும் இழுத்தும் அடித்தும்
பத்து நிமிடத்தில் முடித்துவைத்த முகப்பிசை.
அதை இப்போது
இருபது விரல்களுக்குப் பங்கு வைக்கிறேன்,
என் கையாலேயே.

டிம்பனி சுலபம்.
கீழ்ப்பாதிக்காரரின் இடக்கை நடுங்கினால் போதும்.
சிம்பலை விட்டுவிட்டேன்;
வேண்டுமானால் அலமாரியில் பீங்கான் அதிரட்டும்.
கொம்புதான் பிடிவாதம்.
ஒரே சுரத்தில் ஒன்பது கட்டம் நிற்கும் அது.
பியானோவில் அடித்த கணமே சாகத் தொடங்குகிறது ஒலி.
அதனால் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னேன்,
உள்ளே ஆளிருப்பது தெரிந்தும்
திறக்காத கதவைத் தட்டுவதுபோல்.
மூலத்தைவிட இது நன்றாயிருக்கிறதோ?
யாரிடமும் சொல்லவில்லை.

பெடல் கீழ்ப்பாதிக்குச் சொந்தம்.
மேலே வாசிப்பவரின் மூச்சை
அடுத்தவர் கால் தீர்மானிக்கும்.
வீடுகளில் இதற்கே தகராறு வரும் என்று தெரியும்.

ஓபோக்காரர் லுண்ட்வால்
தன் முறை வருமுன் மூக்கை உறிஞ்சுவார்.
அதற்குக் குறியீடு இல்லை.
அவ்விடத்தில் ஒரு மௌனம் வைத்தேன்.
தாள் புரட்டவும் ஒரு கை வேண்டுமே.

ஜனவரியில் ஒரு கடிதம்,
ஹார்னோசாண்டிலிருந்து, மர ஆலைக் கணக்கர் ஒருவர்.
மருந்துக்கடை தோரா ஸ்யோதினும் அவரும்
ஞாயிறுதோறும் வாசிக்கிறார்களாம்.
"நாற்பத்தொன்றாம் கட்டத்தில்
அவர் இடக்கைச் சுண்டுவிரலுக்கும்
என் வலக்கைச் சுண்டுவிரலுக்கும்
ஒரே கட்டையைக் கொடுத்திருக்கிறீர்கள்.
நகம் கீறிவிட்டது.
அச்சுப்பிழையா? இல்லையென்றால்
யார் விட்டுக்கொடுப்பது?
மூன்று ஞாயிறாக வாசிக்கிறோம்,
பேசிக்கொள்வதில்லை."

பிழைதான். அச்சில் இல்லை, என்னில்.
ஓர் உறைக்குள் இரண்டு கத்தி.

யாருடைய சுரம் என்று பார்க்க
பெரிய ஏட்டை இறக்கினேன்.
வயோலா. அதுவும் உள்வரிசை.
மேலே டிராம்போன்கள் முழங்கும் இடம்.
அரங்கில் அதை ஒருவரும் கேட்டிருக்க முடியாது;
கோலேந்தி நின்ற நானும் கேட்கவில்லை.
அந்தக் கடைசி நாற்காலியில் அன்றைக்கு
ஆள் இருந்தாரா என்பதே நினைவில்லை.

அங்கே, பனி ஏறிய ஊரில்,
இரண்டு பேர் அதற்காக முகம் திருப்பிக்கொண்டு
ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மை உறைந்திருக்கிறது.
விளக்கருகே வைத்திருக்கிறேன்.
பதில் இன்னும் எழுதவில்லை.